கரிக்கட்டி புகைந்தால், உதிர்ந்தால், அணைந்தால்: பயிற்சி தருவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

விவசாயக் கழிவிலிருந்து கரிக்கட்டி செய்யும் வேலையில் பிழை நேரும் இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் வேறொன்று. சரியாகக் காயாத கடலைத்தோலை இன்று டிரம்மில் இட்டவருக்கு, அதன் விளைவு அடுத்த வாரம் அடுப்பில் புகையாகத்தான் தெரியவரும். அதற்குள் அவர் கூழின் பக்குவத்தையும் அச்சையும் வெயிலையும் குறை சொல்லத் தொடங்கியிருப்பார். கிராமத்துப் பெண்களுக்கு இத்தொழிலைக் கற்றுத்தருவோர் செய்முறையைப் பெரும்பாலும் நன்றாகவே கற்றுத்தருகிறார்கள். கெட்டுப்போன ஒரு கட்டியைக் கையில் எடுத்து, அது எந்தப் படியில் கெட்டது என்று பின்னோக்கித் தேடும் பழக்கத்தைத்தான் அவ்வளவாகக் கற்றுத்தருவதில்லை. அந்தத் தேடலுக்கு உதவும் வகையில் இக்குறிப்பு, கண்ணில் படும் அடையாளத்திலிருந்து தொடங்கிக் காரணத்துக்குச் செல்கிறது.

இங்கே கருத்தில் கொண்டிருப்பது 200 லிட்டர் இரும்பு டிரம் முறை. அடியில் காற்றுத் துளைகள் இட்ட டிரம்மை மூன்று கற்களின் மேல் நிறுத்தி, காய்ந்த கழிவை நிரப்பித் தீ மூட்டி, உரிய நேரத்தில் கற்களை உருவி அடிப்பக்கத்தை மணலால் அணைத்து, மூடியின் விளிம்பை ஈரமண்ணால் பூசிக் காற்றை அடைப்பார்கள். வெந்த கரியைத் தூளாக்கி, மரவள்ளி மாவுக் கூழில் பிசைந்து, அச்சில் அழுத்திக் காயவைப்பார்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) டி-லேப் குழுவினர் கரீபிய நாடான ஹைட்டியில் கரும்புச் சக்கையை வைத்து இம்முறையைப் பரப்பினார்கள். கரும்புச் சோகையைக் கரியாக்கும் இதே நோக்கமுள்ள பணிக்காகப் புனேயின் ஆர்த்தி என்னும் கிராமத் தொழில்நுட்ப நிறுவனம் 2002-இல், தூய எரிசக்திப் பணிகளுக்கு வழங்கப்படும் ஆஷ்டன் விருதைப் பெற்றது. கருவி எளியது, பல இடங்களில் தேறியதும்கூட. ஆகவே கட்டி சரியாக வராதபோது டிரம்மை மாற்ற நினைப்பதற்கு முன் கைப்பக்குவத்தைச் சோதிப்பது நல்லது.

அடுப்பில் புகைகிறது, கண் எரிகிறது

இந்தக் குறைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படுவது, வாங்கியவர்கள் திரும்பி வராமல் போவதற்கும் இதுவே முதற்காரணம். மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: கரி அரைவேக்காடாக இருக்கலாம், கட்டி உள்ளே காயாமல் இருக்கலாம், அல்லது கூழ் மிகுந்திருக்கலாம். மூன்றையும் பிரித்தறிவது கடினமில்லை. புகை முதல் சில நிமிடங்கள் மட்டும் வெண்ணிறமாக வந்து, பிறகு தணல் பிடித்ததும் நின்றுவிட்டால் அது ஈரம். தணல் பிடித்த பிறகும் மஞ்சள் சாயலோடு, கண்ணை உறுத்தும் வாசனையோடு தொடர்ந்தால் அது அரைவேக்காடு. மாவு கருகும் வாசனை வந்தால் கூழின் அளவைப் பார்க்க வேண்டும்.

அரைவேக்காட்டைக் கட்டியாக்கிய பிறகு கண்டுபிடிப்பது தாமதம். தூளாக்குவதற்கு முன்பே டிரம்மின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கைப்பிடி கரி எடுத்து ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்த கரி மெல்லிய ஓசையோடு சட்டென ஒடியும், உட்புறமும் கறுப்பாக இருக்கும், விரலில் தேய்த்தால் கறுப்புத்தான் ஒட்டும். வேகாதது வளைந்து நாராகக் கிழியும், உள்ளே பழுப்பு தெரியும். அப்படிப்பட்டதைக் கழித்து வைத்து அடுத்த முறை டிரம்மில் மேலாகப் போட்டுவிடலாம், வீணாகாது.

இன்னொரு சோதனை எடை. காய்ந்த கழிவு 100 கிலோ போட்டால் டிரம் முறையில் 20 முதல் 25 கிலோ கரி கிடைப்பது இயல்பு. 35 கிலோவுக்கு மேல் கிடைத்தால் பயிற்சியில் இருப்பவர்கள் மகிழ்ந்துபோவார்கள், பயிற்சி தருபவரோ கவலைப்பட வேண்டும். கூடுதலாக வந்த அந்த எடை பெரும்பாலும் எரியாமல் எஞ்சிய தார்ப்பொருளே. உமி மட்டும் விலக்கு: அதில் சாம்பல் மிகுதி என்பதால் நன்றாக வெந்தாலும் எடை அதிகமாகத்தான் நிற்கும்.

காரணம் டிரம்மை அடைத்த நேரத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் எழும் அடர்ந்த வெண்புகை பெரும்பாலும் நீராவி. அதன்பின் மஞ்சள் கலந்த கனத்த புகை வரும், அதில் எரியக்கூடிய வாயுக்கள் இருப்பதால் மேற்புறத்தில் தீக்காட்டினால் பற்றிக்கொள்ளும். பற்றவைத்துவிடுவதே நல்லது, அக்கம்பக்கத்தில் புகை குறையும். சுவாலை தானாகச் சுருங்கிப் புகை மெலிந்து நீலச் சாயலுக்கு வரும்போது அடைக்க வேண்டும். மஞ்சள் புகையிலேயே அடைப்பவர்கள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்து அடைக்கிறார்கள். ‘இத்தனை நிமிடம்’ என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. கழிவின் ஈரமும் காற்றின் வேகமும் நாளுக்கு நாள் மாறுவதால் நிமிடக் கணக்கு ஒத்துவராது. அடுப்பின் புகையை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று அறியும் பழக்கம் இப்பெண்களில் பலருக்கு ஏற்கெனவே உண்டு, அதைக் கடிகாரத்துக்காகக் கைவிடச் சொல்வது பயிற்சியின் பிழை.

சோதித்தும் அரைவேக்காடு திரும்பத் திரும்ப வருமானால் கழிவின் ஈரத்தைப் பாருங்கள். 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் தீயின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். கைப்பிடி கழிவைக் கசக்கினால் சலசலவென்று ஒலித்து நொறுங்க வேண்டும். நிரப்பும்போது காலால் மிதித்துத் திணிப்பதும் காற்றின் வழியை அடைத்து நடுவில் வேகாத திரளை விட்டுவிடும். நடுவே ஒரு கழியை நிறுத்தி, சுற்றிலும் நிரப்பிய பின் கழியை உருவிவிட்டால் காற்றுக்கு வழி கிடைக்கும்.

டிரம்மைத் திறந்தால் பாதி சாம்பல்

முந்தையதற்கு நேர் எதிரானது. தாமதமாக அடைத்திருக்கலாம், அல்லது அடைத்த பிறகும் காற்று புகுந்திருக்கலாம். சாம்பல் முழுவதும் பரவியிருந்தால் தாமதம். ஓரிடத்தில், அதிலும் அடிவிளிம்பை ஒட்டி வெள்ளையாகக் குவிந்திருந்தால் அந்த இடத்தில் மணல் அணைப்பு விலகியிருக்கிறது. மூடிக்கும் டிரம்முக்கும் இடையே பூசிய மண் காய்ந்து வெடித்தாலும் இதே கதிதான். அடைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை சுற்றிவந்து, எங்கே புகைக்கீற்று கசிகிறதோ அங்கே ஈரமண் அப்ப வேண்டும். புகை கசியும் இடத்தில்தான் பின்னர் காற்று உள்ளே நுழையும்.

ஆறிய கரி மீண்டும் பற்றிக்கொள்கிறது

ஆறியது என்று எண்ணித் திறந்த டிரம், காற்றுப் பட்டதும் கங்காகிவிடும். வெளிப்புற இரும்பு எங்கே தொட்டாலும் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கடலைத்தோல், சோகை போன்ற இலேசான பொருளுக்குச் சில மணி நேரம் போதும், கொட்டாங்குச்சி போன்ற கெட்டிப் பொருளுக்கு ஓர் இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிநீராவி முகத்தில் அடிக்கும். பற்றிக்கொண்டால் உடனே மூடி, மண் பூசி, மறுநாள் வரை காத்திருப்பதே முறை.

வெளியே எடுத்த புதுக்கரியும் உடனே சாக்கில் அடைக்கத்தக்கதன்று. புதிய கரி காற்றிலுள்ள ஆக்சிசனை ஈர்க்கும்போது தானே சூடேறும். குவியலாகவோ சாக்கிலோ இருந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் சேர்ந்து, ஆளில்லாத நேரத்தில் தீயாகும். ஒரு நாள் முழுவதும் வெட்டவெளியில், வீட்டுச் சுவரையும் வைக்கோலையும் விட்டு விலகி, மெல்லிய பரப்பாக விரித்துவைத்த பிறகே அள்ள வேண்டும்.

கட்டி கையிலேயே உதிர்கிறது

அச்சிலிருந்து எடுக்கும்போதே உடைகிறதா, காய்ந்த பிறகு உதிர்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஈரமாக இருக்கும்போதே உடைந்தால் நீரின் அளவிலோ தூளின் பருமனிலோ குறை. காய்ந்த பிறகு உதிர்ந்தால் கூழில் குறை.

ஈரத்தைக் கையாலேயே சோதிக்கலாம். பிசைந்த கலவையை உருண்டையாகப் பிடித்து அழுத்தினால் விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. பிடியைத் திறந்ததும் உருண்டை விரிந்து பிளந்தால் நீர் போதாது, உள்ளங்கையில் சேறாக ஒட்டினால் மிகுதி. கரித்தூள் நீரை மெதுவாக உறிஞ்சும். ஆகவே பிசைந்தவுடன் ‘தண்ணீர் அதிகம்’ என்று தோன்றும் கலவை அரைமணி நேரத்தில் சரியாகிவிடும், சரியாகத் தோன்றியது வறண்டுபோகும். அவசரமாகத் தூளையோ நீரையோ மேலும் சேர்ப்பதற்கு முன் அந்த அரைமணி நேரத்தைத் தர வேண்டும்.

தூளின் பருமனைப் பொறுத்தவரை, 3 மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடையில் விழும் தூள் போதும். முழுவதையும் மாவாக இடிக்க வேண்டியதில்லை, இடிக்கவும் கூடாது. நுண்தூள் மட்டும் இருந்தால் கூழ் மிகுதியாகத் தேவைப்படும், பருந்துணுக்கு மட்டும் இருந்தால் இடைவெளி மிகும். இரண்டும் கலந்திருந்தால் சிறுதுணுக்குகள் பெருந்துணுக்குகளின் இடுக்கை நிரப்பிக்கொள்ளும்.

இனி கூழ். 10 கிலோ கரித்தூளுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை மரவள்ளி மாவு வேண்டும். அளவு சரியாக இருந்தும் கட்டி உதிர்ந்தால் கூழ் வேகவில்லை என்று பொருள். மாவைச் சூடான நீரில் நேராகக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருக்கும் கட்டிகள் உண்டாகும், அவை பிணைப்பதில்லை. முதலில் குளிர்ந்த நீரில் கரைத்து, அதைக் கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளற வேண்டும். மாவுச்சத்து ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியசில்தான் நீரை ஈர்த்துப் பசையாகும். பால்நிறம் மாறிக் கண்ணாடி போன்ற தெளிவு வந்து, கரண்டியிலிருந்து இழையாக இறங்குவதே பக்குவம். கஞ்சி காய்ச்சிப் பழகியவருக்கு இதை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். எத்தனையோ பயிற்சிக் கையேடுகள் ‘ஒட்டுப்பொருள் தயாரித்தல்’ என்று தனி அத்தியாயமாக எழுதி, தெரிந்த வேலையைத் தெரியாததாக மாற்றிவிடுகின்றன.

முந்தின நாள் மிஞ்சிய கூழைப் பயன்படுத்தியதும் காரணமாக இருக்கலாம். புளித்த கூழ் நீர்த்துப் பிணைப்பை இழக்கும். அன்றன்று காய்ச்சுவதே சரி. கூழுக்குப் பதில் களிமண்ணைச் சேர்த்துக் கட்டியைக் கெட்டியாக்கும் வழக்கமும் உண்டு. கட்டி கெட்டியாவது உண்மைதான், ஆனால் களிமண் எரியாது. சேர்த்த அளவெல்லாம் சாம்பலாகத் திரும்பி அடுப்பை அடைக்கும்.

சரிசெய்த பிறகு சோதிக்க, நன்கு காய்ந்த பத்துக் கட்டிகளை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டுப் பாருங்கள். மூலை உதிர்வது பரவாயில்லை. பத்தில் இரண்டுக்கு மேல் பிளந்தால் சாக்கில் ஏற்றிக்கொண்டு போகும்போது தூளாகிவிடும். உதிர்ந்ததை எறிய வேண்டாம், மறுபடி நனைத்துப் புதுக் கூழோடு பிசையலாம்.

காயும்போது வெடிப்பு விடுகிறது. சில நேரம் பூசணம் பூக்கிறது

வெடிப்பு விரைந்து காய்ந்ததன் அடையாளம், பூசணம் மெதுவாகக் காய்ந்ததன் அடையாளம். கடும் வெயிலில் மேற்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உட்புறம் ஈரமாகவே இருக்கும், அந்த இழுபறியில் மேற்புறம் பிளந்துவிடும். முதல் நாள் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, கட்டி இறுகிய பின் வெயிலுக்கு மாற்றிப் புரட்டிப் போட்டால் இது நிற்கும். அடுக்கடுக்காகத் தகடு போல் பிளந்தால் காரணம் வெயிலன்று: அச்சை இரண்டு மூன்று தடவையாக நிரப்பி ஒவ்வொரு தடவையும் அழுத்தியிருப்பார்கள். ஒரே தடவையில் நிரப்பி ஒரே அழுத்தில் முடிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மாவுக் கூழில் பூசணம் வருவது எதிர்பார்க்க வேண்டியதே. தரையில் விரித்த தார்ப்பாயைவிட, இடுப்புயரத்தில் கட்டிய வலைப்பரண் நல்லது, அடியிலிருந்தும் காற்று படும். மேற்பரப்பில் மட்டும் பூத்திருந்தால் வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். துடைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

காய்ந்ததா என்று நாட்கணக்கில் முடிவு செய்யாதீர்கள். அடையாளமிட்ட ஐந்து கட்டிகளை நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அதற்கு முன் விற்ற கட்டி அடுப்பில் படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வழி தேடுவதே அந்த ஓசை.

பற்றுவதில்லை, பற்றினாலும் அணைந்துவிடுகிறது, சூடும் போதவில்லை

இது மூன்று குறைகளாகத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருவது: காற்று கரியைச் சென்றடையவில்லை, அல்லது அங்கே எரிவதற்குக் கரி போதிய அளவில் இல்லை. கட்டி மிகப் பெரியதாகவோ மிக இறுக்கமாகவோ இருந்தால் பற்ற நேரமாகும். நடுவில் ஒரு துளையிட்டு அழுத்தினால் மாற்றம் உடனே தெரியும். பற்றிய கட்டி வெண்சாம்பல் போர்த்திக்கொண்டு அணைந்தால் மூலப்பொருளைப் பாருங்கள். நெல் உமியில் ஏறத்தாழ 20 விழுக்காடு சாம்பல், அதில் பெரும்பங்கு சிலிக்கா. கரியாக்கும்போது எரிபொருட்பகுதி குறைந்து சாம்பல் அப்படியே தங்குவதால், உமிக்கரியில் பாதியளவுகூடச் சாம்பலாக இருக்கக்கூடும். மரக்கரியின் வெப்ப ஆற்றல் கிலோவுக்கு ஏறத்தாழ 28 முதல் 30 மெகாஜூல் என்பதால், பாதி சாம்பலான உமிக்கரியை அதற்கு நிகர் என்று சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். உமி மட்டுமே கிடைக்கும் இடத்தில், சாம்பல் மிகக் குறைந்த கொட்டாங்குச்சிக் கரியைக் கிடைக்கும் அளவுக்குக் கலந்தால் நிலைமை தேறும்.

கட்டியில் குறை இல்லாமலும் இது நேரும் என்பதை மறக்கக் கூடாது. விறகடுப்பின் தரையில் கரிக்கட்டியைக் குவித்து வைத்தால் அடியிலிருந்து காற்று வராது. அடியில் கம்பிவலையும் சாம்பல் விழ இடமும் உள்ள அடுப்பில் அதே கட்டியை எரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கலவையை மாற்ற முனையுங்கள்.

செய்பவருக்கு இருமல், எரிப்பவருக்குத் தலைவலி

இருமல் இடிக்கும்போது எழும் நுண்தூளால் வருவது. கரியை இலேசாக நனைத்து, சாக்குக்குள் வைத்து, வெட்டவெளியில் காற்றுக்கு முதுகு காட்டி இடித்தால் தூள் அடங்கும். வெறும் துணியை முகத்தில் கட்டுவது நுண்தூளுக்குப் போதாது, நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசத்தைப் பயிற்சிச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். மிதக்கும் கரித்தூள் தீப்பட்டால் பற்றும் என்பதால் இடிக்கும் இடத்தருகே அடுப்போ டிரம்மோ எரியக் கூடாது. டிரம்மருகே நிற்பவர் தொங்கும் ஆடையையும் செயற்கை இழைத் துணியையும் தவிர்க்க வேண்டும்.

தலைவலியை இலேசாக எண்ணக் கூடாது. அடைத்த அறையில் கரி எரியும்போது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை வந்தால் அதற்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு. அதற்கு நிறமும் மணமும் இல்லை. நல்ல கரிக்கட்டி புகையாது என்பதே இங்கே ஆபத்தாகிறது, புகை இல்லாததால் கதவைத் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும், அறிகுறி உள்ளவரை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். குளிருக்காகவோ கொசுவுக்காகவோ படுக்கையறையில் கரிக்கட்டித் தணல் வைக்கக் கூடாது என்பதைப் பயிற்சி பெறுவோர் தாம் விற்கும்போது வாங்குபவருக்கும் சொல்லிப் பழக வேண்டும்.

பயிற்சியில் நன்றாக வந்தது, வீட்டில் வரவில்லை

இந்த அடையாளம் கட்டியில் தெரிவதில்லை, பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்துத் தெரியும். பயிற்சி நாளில் கழிவு ஏற்கெனவே காய்ந்திருந்ததா, மாவு ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருந்ததா, தீ எப்போது அடங்கியது என்று தீர்மானித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் பயிற்சி தருபவரே செய்திருந்தால், பெண்கள் கற்றுக்கொண்டது பிசைவதையும் அச்சில் அழுத்துவதையும் மட்டுமே. வேலையைப் பங்கிட்டுக் கொடுத்ததாலும் இது நேரும். பத்துப் பேர் குழுவில் ஒருவரே மூன்று நாளும் கூழ் காய்ச்சியிருந்தால், அவர் வராத நாளில் கட்டி உதிரும். ஒவ்வொருவரும் ஒரு டிரம்மைத் தாமே அடைத்து, ஒரு கூழைத் தாமே காய்ச்சிய பிறகே பயிற்சி முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

தராசு இல்லாத வீட்டில் அளவு மாறிப்போவதும் ஒரு காரணம். ஒரே பாத்திரத்தைத் தூளுக்கும் இன்னொன்றை மாவுக்கும் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் பெருமளவு தீரும். ஆனால் சோகைக்கரித் தூள் இலேசு, கொட்டாங்குச்சிக்கரித் தூள் கனம். மூலப்பொருள் மாறும்போது பாத்திரக் கணக்கையும் ஒருமுறை நிறுத்துச் சரிபார்க்க வேண்டும்.

கடைசி நாளில் நான் பரிந்துரைப்பது, வேண்டுமென்றே கெடுத்த நான்கு வகைக் கட்டிகளை முன்வைப்பது: அரைவேக்காட்டுக் கரியில் செய்தது ஒன்று, வேகாத கூழில் பிசைந்தது ஒன்று, பாதி காய்ந்தது ஒன்று, களிமண் மிகுந்தது ஒன்று. எது எதுவென்று சொல்லாமல் எரிக்கவும் உடைக்கவும் நிறுத்துப் பார்க்கவும் விட்டு, காரணத்தை அவர்களே சொல்லக் கேட்க வேண்டும். பயிற்சி தருபவர் வாய் திறக்காமல் இருப்பது இந்த ஒரு மணி நேரத்தில்தான் கடினமாக இருக்கும்.

கழிவு தீர்ந்துபோய், டிரம்மில் விறகு ஏறுகிறது

அறுவடை முடிந்து சில மாதங்களில் கடலைத்தோலும் மக்காச்சோளச் சக்கையும் கிடைப்பது அரிதாகும், வாங்குபவர்களோ அப்போதும் கேட்பார்கள். அந்த நிலையில் சுள்ளியில் தொடங்கிக் கிளையில் முடிவது எளிது. அப்படி நேர்ந்தால் மரக்கரிக்கு மாற்று என்று தொடங்கிய குழு மரக்கரியே செய்துகொண்டிருக்கிறது. இதற்குக் குழுவினரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை, திட்டத்தில்தான் பிழை. எந்தக் கழிவு எந்த மாதத்தில் எவ்வளவு கிடைக்கும், அது மாட்டுத் தீவனமாகவோ நிலத்துக்கு உரமாகவோ ஏற்கெனவே யாருக்காவது பயன்படுகிறதா என்று பயிற்சிக்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து கணக்கிட வேண்டும். கரி நன்கு ஆறிக் காய்ந்திருந்தால் கட்டியாக்காமல் தூளாகவே பல மாதங்கள் கெடாமல் இருக்கும். ஆகவே அறுவடைக் காலத்தில் கரியை மட்டும் செய்து சேர்த்து, மழையில்லாத நாட்களில் சிறிது சிறிதாகக் கட்டியாக்கலாம். சேமிக்கும் இடம் வீட்டை விட்டுத் தள்ளி, கூரையின்கீழ், தரையிலிருந்து உயர்த்திய பலகையின் மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கின் வாயிலும் எந்தக் கழிவின் கரி என்று நிற நூலால் அடையாளம் கட்டிவிட்டால், எழுதப் படிக்காதவரும் பின்னர் கூழின் அளவைச் சரியாக முடிவு செய்ய முடியும்.